அக்காவின் வெள்ளைப் பெட்டிகள்

அப்பா அந்தப் பெட்டியை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது துணி வைக்கத்தான். செம்பூர் தாண்டி டிராம்பே போகும் சாலையில் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் கிளார்க். வெளிநாட்டிலிருந்து கண்ணாடிக் கருவிகள் வந்து இறங்கும்போது அவை உடையாமல் இருக்க, வெள்ளை வெளேரென்ற ஒரு பொருளில் பொதிந்து அனுப்புவார்கள். சில சமயம் முழுப் பெட்டியே அதில் செய்து வரும். இன்றைக்கு எல்லோருக்கும் அது தெர்மோகோல். அன்றைக்கு, அறுபதுகளின் நடுவில், எங்கள் மாதுங்கா கட்டடத்தில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது. இரண்டடி நீளப் பெட்டியை அப்பா இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறி வந்ததைப் பக்கத்து வீட்டுக் குஜராத்தி மாமி கதவைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்தாள்.

அதில் புடவையை வைத்து எடுத்தபோது கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அம்மாவுக்குப் பல் கூசியது.

"இந்தப் பீடையைத் தூக்கி வெளியில போடுங்கோ" என்றாள்.

பால்கனிக்குப் போன பெட்டியை அக்கா எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, தங்கை எனக்குப் பதினாறு. பதினோரு வயதில் அவளுக்கு மூட்டுகளெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே டாக்டரின் டிஸ்பென்சரி இருந்ததால் அது சுலபமாக நடந்தது. ஆனால் ஊசிக்குப் பிறகு மாடி ஏறுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு வளைவிலும் அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பாள். யாராவது இறங்கி வந்தால், செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வாள். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று ஒரு முறை சொன்னார்கள். நெஞ்சைத் திறப்பது என்ற பேச்சைக் கேட்டதுமே அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கனம் தூக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அக்காவோ செடி வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பால்கனியில் காலை வெயில் ஒரு மூலையில் தொடங்கி மெல்ல நகர்ந்து மறு மூலையில் முடிந்துபோகும். மொத்தம் இரண்டு மணி நேரம். செடி பிழைக்க வேண்டுமானால் தொட்டியை வெயிலோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மண் தொட்டியை அவளால் அசைக்க முடியாது. நானும் அப்பாவும் அந்த நேரத்தில் பள்ளிக்கும் ஆபீசுக்கும் போய்விடுவோம். வீட்டில் ஒரே ஒரு துளசித் தொட்டி இருந்தது. அதைத் தவிர வேறெதையும் அம்மா அனுமதிக்கவில்லை.

இந்தப் பெட்டியை அக்காவால் தூக்க முடிந்தது. அதுதான் விஷயம். அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மண் வாங்கி வருவது என் வேலை. தாராவியில் குஜராத்திக் குயவர்கள் இருக்கும் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுடன் போய்ச் சலித்த மண்ணை ஒரு பையில் வாங்கி வருவேன். எருமைகள் கட்டியிருக்கும் தபேலாவில் காய்ந்த சாணம் கிடைத்தது. முதல் முறை வெந்தயம் விதைத்தோம். முளைத்து, நாலு நாளில் தண்டு அழுகிக் கீழே படுத்துவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சாக்கடைபோலத் தண்ணீர் நின்றிருந்தது. மண் தொட்டியின் உடம்பு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; இது ஒரு சொட்டைக்கூட ஏற்காது. அக்கா கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி அடிப்பக்கத்தில் வரிசையாக ஓட்டை போட்டாள். வெண்ணெயில் இறங்குவதுபோல ஊசி இறங்கியது. அந்தக் கருகல் நாற்றம் இரண்டு நாள் சமையலறையில் இருந்தது.

அப்புறம் அவளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். உடைந்த துண்டுகளை விரலால் உதிர்த்து மண்ணோடு கலந்தால் மண் இறுகாமல் இருக்கிறது, வேர் ஓடுகிறது, பெட்டியும் கனப்பதில்லை. எறும்பு இந்தப் பொருளைக் குடைந்து கூடு கட்டுகிறது, அதனால் பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்த வேண்டும். காக்கை கொத்திப் பிய்த்துப்போடுகிறது, அதனால் மேல்விளிம்பில் பழைய துணியைச் சுற்ற வேண்டும். அப்பா மேலும் மேலும் பெட்டிகள் கொண்டுவந்தார். ஒரு வருஷத்தில் ஒன்பது பெட்டிகள் ஆகிவிட்டன. தக்காளி, மிளகாய், கொத்தமல்லி, கனகாம்பரம், காசித்தும்பை. குஜராத்தி மாமி தனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று அப்பாவிடம் ஹிந்தியில் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் தக்காளியைப் பறித்து அக்கா அவளுக்குக் கொடுத்தபோது, அவள் அக்காவின் கன்னத்தைத் தொட்டு, "இந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் பண்ணவில்லையா?" என்று கேட்டாள். அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்னதை அம்மா என்னிடம் மறைக்கவில்லை. கல்யாணமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. பிள்ளை பெறக் கூடாது என்றார். அப்படிச் சொல்லி எந்த வீட்டில் பெண்ணைக் கொடுப்பது?

"நாங்க போனப்பறம் இவளை யார் பாத்துப்பா? நீ ஒருத்தன் ஆத்துக்குப் போயிடுவே" என்றாள் அம்மா. அவள் பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் உள்ளூர அதே பயம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அக்கா கடைசியில் என் தலையில் வந்து விழுவாளோ என்ற பயம்.

பாண்டுப்பிலிருந்து அந்த வரன் வந்தது. பையன் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். அப்பா இல்லை, அம்மாவும் கல்யாணமான ஒரு தங்கையும்தான். அவருடைய அம்மா கறாரானவள் என்று தரகர் சொன்னார்.

"ஜாதகத்துக்கு முன்னாடி பொண்ணு தெம்பா இருக்காளான்னுதான் கேப்பா" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா பால்கனியில் நின்று பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள்.

"அவா வரச்சே அந்தப் பெரிய பொட்டியை நீ தூக்கி இந்தண்டை வைக்க முடியுமோ?"

பெரிய பெட்டி தக்காளி இருந்த பெட்டி. முழு மண்ணோடு அதை அக்கா தூக்கியதில்லை, தள்ளித்தான் நகர்த்துவாள். அம்மா என்ன கேட்கிறாள் என்பது எங்கள் இருவருக்குமே புரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் பெட்டியின் விளிம்பில் கை வைத்துப் பார்த்தாள். "மண்ணைப் பாதி எடுத்துட்டு அடியில தூளை ரொப்பிடலாம். ரெண்டு நாள் ஜலம் விடாம இருந்தா இன்னும் கனம் குறையும்" என்றாள்.

மறுநாள் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைச் செய்தோம். செடியை வேரோடு எடுத்து, அடியில் தெர்மோகோல் தூளை நிரப்பி, மேலே நாலு விரல் உயரத்துக்கு மட்டும் மண்ணைப் போட்டு, செடியைத் திரும்ப நட்டோம். வெளியிலிருந்து பார்த்தால் விளிம்பு வரை மண். தூள் அவள் முந்தானையில், முடியில், புருவத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எவ்வளவு தட்டினாலும் போகாது. ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். நான் பொறுக்கி எடுத்தேன்.

அவர்கள் வந்தார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர், கண்ணாடி போட்டிருந்தார். அம்மா தானாகவே பேச்சைச் செடிகளின் பக்கம் திருப்பி, அவர்களைப் பால்கனிக்குக் கூட்டிப்போனாள்.

"எல்லாம் இவ போட்டதுதான். தூக்கி வைக்கறது, நகத்தறது, ஒத்தரை உதவிக்குக் கூப்பிட மாட்டா."

பிறகு அக்காவிடம், "மாமிக்கு வழி வேணும், அதைக் கொஞ்சம் இந்தண்டை வையேன்" என்றாள்.

அக்கா குனிந்து இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினாள். ஆளுயரச் செடியோடு அதை எடுத்துக்கொண்டு நாலு அடி நடந்து கம்பிக்கிராதி ஓரம் வைத்தாள். அந்த மாமியின் முகத்தில் திருப்தி தெரிந்தது. தெர்மோகோலை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. ஏதோ சுண்ணாம்புத் தொட்டி என்று நினைத்திருக்க வேண்டும்.

"நல்ல தேகக்கட்டு" என்றாள், தன் மகளைப் பார்த்து.

அக்கா நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்க முடியவில்லை. கூடத்தில் அம்மா, "சுபாவமே கூச்சம்" என்று சொல்லுவது கேட்டது.

கல்யாணம் தையில் மாதுங்காவிலேயே நடந்தது. மாலை மாற்றும்போது அக்காவின் முகத்தில் நான் பார்த்த சந்தோஷம் நடிப்பு இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு வீடு வேண்டும், ஒரு மனிதர் வேண்டும் என்ற ஆசை இருந்தது. நாங்கள் யாரும் அவளைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஊசியை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. அக்காவே வழி சொன்னாள். மாமியாரிடம், செடிகளைப் பார்க்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும், தங்கைக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். பாண்டுப்பிலிருந்து ரயிலில் வருவாள். அவள் கணவர், என் அத்திம்பேர், தானே அழைத்து வந்து, கட்டட வாசலில் விட்டுவிட்டு எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு வருவார். அவள் டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, மெதுவாக மாடியேறி வருவாள். வந்ததும் பால்கனிக்குத்தான் போவாள். ஒவ்வொரு பெட்டியிலும் விரலை விட்டு ஈரம் பார்ப்பாள்.

"எவ்வளவு ஜலம் விட்டிருக்கே பார். வேர் மூச்சு விட வேண்டாமா?" என்று என்னைத் திட்டுவாள்.

ஒரு முறை நானும் அப்பாவும் பாண்டுப்புக்குப் போனோம். அவர்கள் இருந்தது மாடிப் போர்ஷன், குழாய் கீழே. நாங்கள் போனபோது அத்திம்பேர் இரண்டு கையிலும் வாளியோடு படியேறிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா எங்களிடமே குறைப்பட்டாள்.

"ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பெண்டாட்டிக்கு ஜலம் தூக்கித் தரான். ஊர்ல நடக்காத அதிசயம்."

அப்பா சங்கடத்தோடு சிரித்தார். நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார் என்று மட்டும் அப்போது நான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் மாசியிலோ பங்குனியிலோ அக்கா ஊசிக்கு வரவில்லை. மசக்கை என்று கடிதம் வந்தது. அம்மா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் அப்பா ஓடினார். உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். அவள் வந்தபோது நாலு மாதம் முடிந்திருந்தது. டாக்டர் அவளைத் திட்டினார், அப்பாவைத் திட்டினார், பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அந்த மௌனம்தான் எங்களைப் பயமுறுத்தியது.

ஏழாம் மாதம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுக்க முடியவில்லை. படுத்தால் நுரையீரலில் தண்ணீர் ஏறிக்கொண்டு மூச்சு அடைத்தது. தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபடியே ஒன்பது நாள் இருந்தாள். கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் பேசினாள்.

"மழை... உள்ளே... அடிக்கறதா?" என்று கேட்டாள். பால்கனியைத்தான் கேட்கிறாள்.

"பொட்டியெல்லாம் உள்ளே எடுத்து வெச்சுட்டேன். நீ பேசாதே" என்றேன்.

"ஓட்டை... அடைச்சுக்கும்... குத்தி விடு."

சரி என்றேன். அவள் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு அது. பெரிதாக ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம், அப்பாவும் அத்திம்பேரும் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, அம்மாவின் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாள். குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. பெண் என்றார்கள்.

அத்திம்பேரின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிக்கொண்டதிலிருந்து அக்காவின் பழைய நோய் விஷயம் தெரிந்துவிட்டது. பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு நாங்கள் போனபோது, எல்லோருக்கும் நடுவில், குரலை உயர்த்தாமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பொண்ணைக் கொன்னது நீங்கதான். எங்க தலையில பழியைப் போட்டுட்டேள்."

ரயிலில் திரும்பி வரும்போது அம்மா தாதர் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மாதுங்காவில் நாங்கள் இறங்க மறந்துவிட்டிருந்தோம்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்திம்பேர் வந்தார். அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் குரலைக் கேட்டதும் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் காப்பி கொடுத்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றார். பெட்டிகளில் பாதி காய்ந்திருந்தன. நான் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். விட வேண்டிய அளவு எனக்குப் பிடிபடவே இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று தூக்கிய பெட்டி, அடியில் நிரப்பிய தூள், தண்ணீர் விடாத இரண்டு நாள், சமையலறைச் சுவர், ஊசி. "நானும் கூட இருந்து பண்ணினேன், அத்திம்பேர்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார். "கல்யாணம் ஆன மூணாம் நாளே சொல்லிட்டா. திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவேன்னு நெனச்சுண்டு டிரங்குப் பெட்டியைக்கூடப் பிரிக்கலை. நான்தான் பிரிச்சு அடுக்கினேன்."

அவர் ஒரு பெட்டியின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஊசிக்குக் கூட்டிண்டு வந்ததெல்லாம் பின்னே என்னன்னு நெனச்சே? எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் செடின்னு சொன்னோம். உங்களுக்கும் நான் தெரிஞ்சுண்டது தெரிய வேண்டாம்னா. உங்கம்மா சங்கடப்படுவான்னா."

"அப்போ குழந்தை?" என்று கேட்டேன். பதினெட்டு வயதுப் பெண் ஒரு ஆண்பிள்ளையிடம் கேட்கக் கூடிய கேள்வி இல்லை. கேட்டுவிட்டேன்.

டம்ளரைக் கிராதியின் மேல் வைத்தார். "ஜாக்கிரதையாத்தான் இருந்தோம். ஆனப்பறம் டாக்டர்ட்டப் போகலாம்னேன். கலைக்கச் சொல்லிடுவா, வர மாட்டேன்னா அவ. நான் இன்னும் பிடிவாதமா இருந்திருக்கணும்." கிராதியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் ஆசை வந்துடுத்து."

அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"அம்மாகிட்டச் சொல்லிடு. என்னை ஏமாத்திட்டதா அவா நெனச்சுண்டு இருக்க வேண்டாம். நான் ஏமாறலை. எங்கம்மா சொன்னது எங்கம்மாவோட கோவம், அவ்வளவுதான்."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு வந்த அம்மா, "என்ன சொன்னார்?" என்று கேட்கக்கூடச் செய்தாள். "ஒண்ணும் இல்லை. சும்மா பாத்துட்டுப் போக வந்தார்" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். யாராவது ஒருவர் மேல் இந்தச் சாவைப் போட வேண்டியிருந்தது. அத்திம்பேர் மேல் போட முடியாது. அக்கா மேல் போட மனம் வரவில்லை. என் மேல் போட்டுக்கொள்ளத் தைரியம் இல்லை. அம்மா இருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு மறு கல்யாணம் நடந்தது. அப்பா மட்டும் போய்விட்டு வந்தார். எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, வந்தவர்களிடமெல்லாம் அம்மா எனக்குச் சின்ன வயதில் வந்த மணல்வாரி அம்மை, டைபாய்டு, விழுந்து பட்ட கைமுறிவு வரை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். இரண்டு வரன்கள் அப்படியே திரும்பிப் போயின. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவதாக வந்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். செம்பூரில் குடித்தனம். பெட்டிகளை நான் எடுத்துப்போகவில்லை. அம்மாவும் அவற்றைத் தொடவில்லை. ஒரு தீபாவளிச் சுத்தத்தின்போது அப்பா எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டார்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு ஆறு வருஷம் இருந்தாள். எத்தனையோ மத்தியானங்கள் நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்திருக்கிறோம். ஒரு முறை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்திருந்தவள் தானாகவே கேட்டாள்.

"அவர் நம்மளை மன்னிச்சிருப்பாரோ?"

யாரைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் வந்துவிட்டது. "எதுக்கு இப்போ பழசெல்லாம்" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த ஆடியில் அம்மா இறந்தாள். தனக்குச் சேர வேண்டிய ஒரு ஆறுதல் தான் இருந்த வீட்டிலேயே, தான் பெற்ற பெண்ணிடமே இருந்தது அவளுக்குக் கடைசி வரை தெரியாது.